தரை நாத்தனாருக்கு, மரம் எனக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நிலம், பத்திரம், பங்கு பற்றியவை. காரணம் நான்தான். போன இதழில், “மாமியார் எனக்கு வீட்டைக் கொடுத்தார், மனையைக் கொடுக்கவில்லை” என்று ஒரு வரியை எழுதிப் போட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன். அது பலரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கூத்தாநல்லூர்க்காரி. சிங்கப்பூரில் பெரியத்தா கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு ஜாவாக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, 1999-ல் மத்திய ஜாவாவின் கிளாத்தென் மாவட்டத்துக்கு வாழ வந்தேன். எங்கள் ஊருக்கு மேற்கே யோக்யகர்த்தா, கிழக்கே சோலோ, வடமேற்கே புகைந்துகொண்டிருக்கும் மெராபி எரிமலை. மீதி எல்லாம் வயல்.

கே: உங்கள் மாமனார் வீட்டுக்கு எத்தனை வேலி நிலம்? – கே.எம்., திருத்துறைப்பூண்டி

வேலியா! தம்பி, சொந்தமாக ஒரு வேலி (ஆறரை ஏக்கர் போல) வைத்திருப்பவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. மாமனார் விட்டுப்போனது 300 ‘ரு’. அந்த ஊரிலேயே அது சுமாரான வசதி.

இந்த ‘ரு’வைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. வந்த புதிதில் யாராவது “அது அம்பது ரு, இது நூறு ரு” என்று பேசினால் ரூபாய்க் கணக்கு என்றே நினைத்துக்கொள்வேன். ஒருநாள் இவர் தாளில் வரைந்து காட்டினார். பன்னிரண்டு அடிக் கோல் ஒன்று, அதன் சதுரம் ஒரு ரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நம் குழி அல்லவா? தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழியும் பன்னிரண்டடிக் கோலின் சதுரம்தானே, 144 சதுர அடி. இங்கே கோலைக் கொண்டுவந்தவன் டச்சுக்காரன். அவன் அடி இங்கிலீஷ் அடியைவிட ஒரு சென்டிமீட்டர் போல நீளம். அதனால் ஒரு ரு 14 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட, நம் குழி பதிமூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. 500 ரு சேர்ந்தால் ஒரு ‘பாவு’. அத்தாவுக்கு அன்று ராத்திரியே போன் போட்டு, “எங்க வீட்டுக்கு மூணு மாவும் பதினெட்டுக் குழியும் இருக்கு” என்றேன் (நூறு குழி ஒரு மா). ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். “அவ்வளவுதானா?” என்றார்.

அவ்வளவுதான். அரை ஹெக்டேருக்குக் கீழே வைத்திருப்பவரை இங்கே ‘பெத்தானி குரெம்’ என்கிறார்கள். பெத்தானி விவசாயி, குரெம் என்றால் கோழிப்பேன். தெருவில் கேலிக்குச் சொல்வது மட்டுமில்லை, அரசாங்கக் கணக்கெடுப்பும் இதே பேரைத்தான் சொல்கிறது. 2023 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கோழிப்பேன் குடும்பங்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். நாங்களும் அதில் ஒன்று.

வயலுக்கு இங்கே ‘சாவா’ என்று பேர். அதுவும் ஒரு கூத்து. “காலையில சாவாவுக்குப் போயிட்டு வந்தேன், அவரு இன்னும் சாவாவுலதான் இருக்காரு” என்று நான் போனில் சொல்லச் சொல்ல, அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

கே: பாம்பு உண்டா? – ஒரு வாசகி, ஈரோடு

உண்டு. எலிக்குத் தேவையான அளவு இல்லை, அதுதான் எங்கள் குறை. எலி மிஞ்சிப்போனால் ஊரே தடியும் புகையுமாக வரப்பில் இறங்கும். ‘க்ரொப்யோக்கான்’ என்பார்கள். அன்றைக்கு வேட்டையில் சேராத வீட்டு வயலை எலி தானாகவே தேடிப் போகும் என்பது ஊர் நம்பிக்கை.

கே: மாமியாரிடம் எந்த மொழியில் பேசினீர்கள்? – எஸ்.ஆர்., சிதம்பரம்

முதல் ஆறு மாதம் தப்பான மொழியில். ஜாவா மொழியில் ஒரே காரியத்துக்கு ஆளுக்கேற்ற சொல் உண்டு. தூங்குவது உங்களோடு ஒத்தவர் என்றால் ‘தூரு’. பெரியவர் என்றால் ‘சாரே’. நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் மொழி படித்தவள். வீட்டுக்கு வந்த மோதினிடம் (பள்ளிவாசல் காரியங்களையும் மய்யித்துக் காரியங்களையும் பார்க்கும் ஊர் அலுவலர்) “மாமனார் தூரு” என்று சொல்லிவைத்தேன். நம் ஊரில் புது மருமகள் மாமனாரைக் காட்டி “அவன் படுத்துக் கெடக்கான்” என்றால் எப்படி இருக்கும்? மோதின் சிரிக்கவில்லை, அதுதான் அவர் பெருந்தன்மை. நாங்கள் ‘சிம்போக்’ என்று கூப்பிடும் என் மாமியார் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கே: அங்கே பெண் மக்களுக்குச் சொத்தில் பங்கு உண்டா? முஸ்லிம் ஊர் என்பதால் ஷரீஅத் கணக்கா? உங்களுக்கு வீட்டை மட்டும் கொடுத்த கதையையும் சொல்லுங்கள். – ஏ.ஜே.பி., அதிராம்பட்டினம்; இதே கேள்வியை இன்னும் ஒன்பது பேர்

உண்டு. எவ்வளவு என்பதற்கு இரண்டு பழமொழி இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது.

ஒன்று ‘செபிக்குல் செகெண்டோங்கான்’. ஆண் மூங்கில் காவடியின் இரண்டு முனையிலும் கூடை கட்டித் தோளில் சுமப்பான், அது ஒரு பிக்குல். பெண் துணியால் முதுகில் கட்டிச் சுமப்பது ஒற்றைக் கூடை, அது கெண்டோங்கான். ஆகவே அவனுக்கு இரண்டு, இவளுக்கு ஒன்று. நம் ஃபராயிள் (ஷரீஅத் வாரிசுப் பங்கு) கணக்கும் இதுவும் ஒன்றுபோல வருவதால், இதுதான் தீனுக்கும் ஒத்தது என்று இங்கே பலர் சொல்வார்கள்.

இன்னொன்று ‘டும் டும் குப்பாட்’ போலக் காதில் விழும். சரியான சொல் ‘துண்டும் குப்பாட்’. தென்னங்குருத்தில் பின்னி அரிசி போட்டு அவிக்கும் சோற்றுப் பொதிதான் குப்பாட், மலேசியா, சிங்கப்பூர் போனவர்களுக்கு கெத்துப்பாட் என்றால் புரியும். அதைப் பிட்டுக் கொடுப்பதுபோல ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிப்பது.

ஒரு குடும்பம் இதில் எதை எடுக்கிறது என்பது அந்த வீட்டுத் தாயைப் பொறுத்தது. நான் பார்த்தவரை அப்படித்தான்.

மாமனார் 2004-ல் மவுத்தானார். மூன்றாம் நாள், ஏழு, நாற்பது, நூறு, ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீடுகளைக் கூப்பிட்டு ஓதி, சோறு கட்டிக் கொடுத்தோம். கடைசி ஆயிரமாவது நாள், ‘ஞெவு’. அது முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் பங்கு என்ற பேச்சை எடுக்கவில்லை. 2007-ல் ஞெவு முடிந்த மறுநாள் காலை, நடுக்கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். பிள்ளைகள் நாலு பேர்: ஜக்கார்த்தாவில் இருக்கும் பெரிய மச்சான், அடுத்த வளவில் வாழ்க்கைப்பட்ட பெரிய நாத்தனார், என் வீட்டுக்காரர், கடைக்குட்டி நாத்தனார். மோதினும் வந்திருந்தார்.

முதலில் எது யாருடையது என்று பிரித்தார்கள். 300 ருவில் 120 ரு சிம்போக் தன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு ‘காவான்’ என்று பேர், அதில் புருஷனுக்கு உரிமை இல்லை. மீதி 180 ரு கல்யாணத்துக்குப் பின் இரண்டு பேரும் உழைத்து வாங்கியது, ‘கோனோ கீனி’. அதில் பாதி எப்போதுமே பெண்டாட்டியுடையது. ஆக, மாமனார் சொத்து என்று பிரிக்க நின்றது 90 ருதான். இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் நன்னியை (பாட்டியை) நினைத்துக்கொண்டேன். அறுபது வருஷம் களத்துமேட்டில் நின்றவர். எது அவருடையது என்று யாரும் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை.

பெரிய மச்சான் ‘எனக்கு இரண்டு பங்கு’ என்று கேட்கவில்லை. ஜாவாக்காரர் அப்படிக் கேட்கமாட்டார். ஜக்கார்த்தாவில் சாமான் விலை ஏறிப்போனது, பெட்ரோல் விலை ஏறிப்போனது, ஆம்பளைப் பிள்ளைக்குச் சுமை கூட என்று பொதுவாகப் பேசினார். சிம்போக் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பிறகு, “காவடி தூக்கினவன் நீ, சரி. நாற்று நடும்போது பின்னாலேயே குனிஞ்சு நடந்தது யாரு?” என்றார். இங்கே நடவு முழுக்கப் பெண்கள் வேலை. மச்சான் தேநீரைக் குடித்தார். மோதின், முதலில் அவரவர் ஷரீஅத்துப் பங்கை ஏற்றுக்கொண்டதாக வைத்து, பிறகு மனமொத்து விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். சிம்போக் தன்னுடையதையும் அப்போதே சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஆளுக்கு 75 ரு. குப்பாட் ஜெயித்தது.

மனைக்கட்டு கடைக்குட்டிக்கு. கடைசிப் பிள்ளைதான் தாயோடு இருந்து கஞ்சி ஊற்றப்போகிறவள் என்பதால் அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால் மனைமேல் நிற்கிற வீடு வேறு கணக்கு. இங்கே பழைய வழக்கப்படி மண் ஒருவருக்கு, அதன் மேல் நிற்பது இன்னொருவருக்கு என்று இருக்கலாம். நாட்டுச் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் கொல்லையில் நிற்கும் நாலு தென்னை இன்றைக்கும் பெரிய நாத்தனாருடையது. தேங்காய் விழுந்தால் எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வருவோம். வீடு என்பது ‘லிமாசான்’, தேக்கு மரத்தில் துளையும் முளையுமாகக் கோத்த கூடு. கழற்றினால் லாரியில் ஏறிவிடும். அதனால் மாடு, கட்டில் போல அதையும் தனியாகக் கொடுக்கலாம்.

அதற்கு முந்தின வருஷம், 2006 மே 27, விடிகாலை ஆறு அடிக்கச் சில நிமிஷம் முன்னால் பூமி ஆடியது. யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே பந்துல் பக்கமும் எங்கள் மாவட்டத்தின் தென்பகுதியும்தான் அதிகம் அடிபட்டவை. ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் வீட்டுக்குப் பக்கவாட்டில் இரண்டு செங்கல் அறை கட்டியிருந்தோம், டைல்ஸ் போட்டு, எனக்கு அவ்வளவு பெருமை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டும் மண். ஓர் ஆடு போனது. நாங்கள் முற்றத்தில் இருந்ததால் தப்பித்தோம். தேக்கு வீடு கிறீச் கிறீச்சென்று ஆடி, கூரை ஓடுகளையெல்லாம் உதறிவிட்டு, அப்படியே நின்றது.

பங்கு பேசிய அன்று சிம்போக் எழுந்து போய் நடுத்தூணில் கையை வைத்தார். என்னைப் பார்த்து, “உன் காசு விழுந்துபோச்சு, என்னுது நிக்குது. இதை நீ எடுத்துக்க” என்றார். மகனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். பிறகு, “மண்ணுக்குத்தான் அரசாங்கம் பாஸ்போர்ட் கேட்கும். மரத்துக்குக் கேட்காது” என்றார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர்.

கே: இருபத்தைந்து வருஷமாக அங்கே இருக்கிறீர்கள். உங்கள் பேரில் இன்னும் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாதா? – எம்.என்., ஆம்பூர்

கிடையாது. 1960 செப்டம்பர் 24-ல் வந்த வேளாண் அடிப்படைச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’ எனும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். (ஹக்கும் மில்க்கும் நமக்கும் தெரிந்த சொல்தான்.) அந்தத் தேதியைத்தான் இங்கே விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டும் இங்கே நிரந்தரமாகத் தங்கும் அட்டையும். ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள இந்தியா விடாது. அத்தா எனக்கென்று இரண்டு மா எழுதிவைத்திருக்கிறார். அங்கே அது, இங்கே இது. விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இவர் பரம்பரைப் பங்கான 75 ருவுக்கு ஆபத்தில்லை. 1974 திருமணச் சட்டப்படி வாரிசாக வந்தது அவரவர் சொத்து. கல்யாணத்துக்குப் பின் விலைக்கு வாங்குவதுதான் சிக்கல்: அது இருவருக்கும் பொது, அதில் பாதி வெளிநாட்டுக்காரி கைக்குப் போகிறது, அவள் ஒரு வருஷத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிலம் அரசுக்கு. ‘உன் சொத்து உனக்கு, என் சொத்து எனக்கு’ என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் தப்பலாம். ஆனால் அதைக் கல்யாணத்துக்கு முன்னால் எழுத வேண்டும் என்றிருந்தது. 1999-ல் எங்களுக்கு யார் இதையெல்லாம் சொல்லித் தந்தார்கள்? 2011-ல் வாய்க்கால் ஓரமாக 40 ரு விலைக்கு வந்தது. கையில் பணம் இருந்தும் வாங்க முடியவில்லை. வேறு யாரோ வாங்கித் தேக்குக் கன்று நட்டார்கள், இப்போது அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பின்பும் ஒப்பந்தம் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே நோட்டரி முன்னால் போய் உட்கார்ந்தோம். “பிரியப் போறீங்களா?” என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பரிதாபமாகக் கேட்டார்.

நிலத்தை உள்ளூர்க்காரர் பேரில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று இருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பேர் யாருடையதோ நிலம் அவருடையது. வழக்குக்குப் போனால் நிற்காது.

கே: பத்திரம், பட்டா, சிட்டா எல்லாம் அங்கேயும் உண்டா? – வி.எல்., திருமங்கலம்

ஊர் அலுவலக அலமாரியில் ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது, ‘லெட்டர் சி’. பேர், நிலத் துண்டின் எண், நன்செய்யா புன்செய்யா, என்ன தரம் என்று கையெழுத்தில் இருக்கும். மாமனாரின் அப்பா பேர்கூட அதில்தான் பார்த்தேன், ஒற்றைப் பேர். இங்கே பலருக்கு அவ்வளவுதான் பேர். நம் ஊர் சிட்டா போல அது வரிக்காக எழுதியது, உரிமைப் பத்திரம் இல்லை. ஆனாலும் மூன்று தலைமுறை அதை வைத்தே வாங்கி விற்றார்கள்.

2017-லிருந்து ஊர் ஊராக அளந்து சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஜாவாவில் அதற்கு ஊரில் வசூலிக்கும் உச்சவரம்பு 1,50,000 ரூபியா. எங்கள் ஊருக்கு வந்தபோது பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நின்று கல் ஊன்ற வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் எல்லைக் கல் கிடையாது, ‘ஆண்டோங்’ என்ற செந்நிற இலைச் செடிதான் எல்லை. செடி வளரும், பக்கக் கன்று விடும், கன்று விட்ட பக்கம் எல்லையும் நகரும். முப்பது வருஷம் சிரித்துப் பேசிய இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு சாண் மண்ணுக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். பழைய ஆவணங்களுக்கு 2021-ல் ஓர் அரசு விதி ஐந்து வருஷக் கெடுவும் வைத்துவிட்டது.

இதில் நம் மதராஸ் சம்பந்தமும் உண்டு. 1811-ல் இங்கிலீஷ்காரர்கள் ஜாவாவைப் பிடித்தபோது மதராஸிலிருந்து கூடவே வந்தவர் காலின் மெக்கன்ஸி. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறதே மெக்கன்ஸி சுவடிகள், அவரேதான். ஜாவாவில் நிலம் யாருடையது என்று விசாரிக்க அப்போது ஜாவாவை இங்கிலீஷ்காரர்களுக்காக ஆண்ட ராஃபிள்ஸ் போட்ட குழுவுக்குத் தலைவரும் அவர். 1812-ல் யோக்யகர்த்தா அரண்மனையைச் சூறையாடினார்களே, அங்கிருந்து போன சுவடிகளிலும் ஒரு பங்கு அவர் கைக்குப் போனது. எங்கள் பகுதி அப்போது சோலோ அரசருடையது, குடியானவருக்கு நிலம் சொந்தமே இல்லை. பிற்பாடு ஊர் வயலைச் சரிபாதியாக்கி, ஒரு பாதியில் வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்குப் புகையிலை, மறுபாதியில் தனக்கு நெல், பிறகு மாற்றி மாற்றி. சுருட்டுப் புகையிலை கிளாத்தெனில் இன்றைக்கும் போடுகிறார்கள்.

கே: நீங்களே பயிர் வைக்கிறீர்களா, குத்தகையா? – ஆர்.டி., லால்குடி

வாரம்தான். ‘மாரோ’ என்று பேர், பாதிக்குப் பாதி. மேற்குத் தெரு பெரியவர் ஒருவர் செய்கிறார், நாங்கள் ‘பாக்டெ’ (பெரியப்பா) என்போம். ஆள் வேலை அவருடையது, உரச் செலவு பாதி எங்களுடையது, விளைந்ததில் பாதி. மூன்றில் ஒரு பங்கு என்றால் ‘மெர்த்தெலு’. வாரத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு ஊர்த் தலைவர் முன் பதிய வேண்டும் என்று 1960-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. பாக்டெயிடம் அதைச் சொன்னால் என்னமோ அவரைச் சந்தேகப்பட்டதுபோல ஆகிவிடும்.

அறுவடையை அநேகமாக நாங்கள் பார்ப்பதே இல்லை. கதிர் மஞ்சள் தட்டும்போது ‘பெனெபாஸ்’, வயலோடு விலை பேசும் வியாபாரி, பைக்கில் வருவார். வரப்பில் ஒரு சுற்று நடப்பார், நாலு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்ப்பார், விலை சொல்வார். முன்பணம் கொடுத்துவிட்டுப் போய், அவர் ஆளை வைத்து அவரே அறுத்துக்கொள்வார். முன்பெல்லாம் பெண்கள் கூட்டமாக வந்து, விரலுக்குள் மறையும் ‘ஆனி ஆனி’ என்ற சின்னக் கத்தியால் கதிர் கதிராக அறுத்து, கூலியாக நெல்லையே பங்கு கொண்டுபோவார்களாம். சிம்போக் அந்தக் கத்தியைக் கடைசிவரை தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். ஆனால் அறுப்புக்கு முந்தின ‘விவித்’ சடங்கை மட்டும் விடவில்லை. வயல் மூலையில் முழுக்கோழி, சோறு, முட்டை, பயறும் கருவாடும் இடித்த சம்பல் வைத்து, நெல்லுக்குரிய தேவி ஸ்ரீயின் பேரைச் சொல்லிவிட்டு, நடுவில் பிஸ்மியும் சொல்லி, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பகிர்ந்து கொடுப்பார். நான் முதலில் முகம் சுளித்தேன். பிறகு கோழிக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒத்தியும் உண்டு, ‘செண்டே’. பெரிய மச்சானைப் படிக்கவைக்க மாமனார் 50 ருவை ஒத்திக்கு வைத்து, பதினோரு வருஷம் கழித்து முழுப் பணம் கொடுத்து மீட்டிருக்கிறார். ஏழு வருஷம் ஆகிவிட்டால் பணம் கொடுக்காமலே நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம், அதுவும் 1960-லிருந்து. ஏன் கேட்கவில்லை என்று பாக்டெயிடம் ஒருமுறை கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். 1964-ல் கிளாத்தெனில்தான் இடதுசாரி விவசாயச் சங்கத்தார் அந்த நிலச்சட்டங்களைத் தாங்களே நடைமுறைப்படுத்தக் கிளம்பினார்கள். அடுத்த வருஷக் கடைசியில் தொடங்கிய கொலைகளில் அப்படிக் கேட்டவர்கள் பலர் போனார்கள். “அதுக்கப்புறம் யாரு கேப்பா?” என்றுவிட்டு வெல்லத் தேநீரைக் குடித்தார் பாக்டெ.

கே: ஊர்த் தலைவருக்குச் சம்பளம் உண்டா? – ஜி.கே., அரியலூர்

உண்டு. அதற்கு மேல் ‘பெங்கோக்’ உண்டு. பதவியில் இருக்கும்வரை அனுபவிக்க ஊர் கொடுக்கும் நல்ல வயல். எழுத்தருக்கும் மற்றவர்களுக்கும் அவரவர் பதவிக்கேற்ப. வாய்க்கால் தண்ணீரைப் பார்ப்பவருக்குப் பேர் ‘உலு உலு’, அந்தப் பேருக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பதவி போனால் வயலும் போகும். 2024 சட்டத் திருத்தத்தில் தலைவர் பதவிக்காலத்தை ஆறிலிருந்து எட்டு வருஷமாக்கிவிட்டார்கள். எட்டு வருஷ விளைச்சலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தேர்தலில் ஏன் அவ்வளவு சோறு போடுகிறார்கள் என்பது புரியும்.

கே: சொந்தக்காரர் இல்லாத ஊரில் நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்? – பாத்திமா, நாகூர்

சகோதரி, யார் வராமல் இருப்பார்கள் என்று கேளுங்கள். மவுத் என்றால் அரை மணியில் குழி வெட்ட ஆள் இறங்கியிருக்கும். கல்யாணம் என்றால் மூன்று நாள் முன்னாலிருந்தே பெண்கள் வெங்காயத்தோடு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார்கள், அது ‘ரேவாங்’. மொய் நோட்டும் உண்டு! யார் எத்தனை கிலோ அரிசி, எத்தனை ரூபியா என்று எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பவேண்டும். கல்யாண மாதங்களில் எங்கள் கைச்செலவில் பெரிய செலவு அதுதான். நெல் விற்ற காசு உறை உறையாகக் கிளம்பிப் போகும்.

வாசல் தூணில் ஒரு சின்ன டப்பா தொங்கும். தினம் அதில் ஒரு பிடி அரிசி போட்டுவைக்க வேண்டும், ‘ஜிம்பிதான்’. ராத்திரி ரோந்து போகிற ஆண்கள் வீடு வீடாக எடுத்துக்கொண்டு போய் ஊர்ப் பொதுவுக்குச் சேர்ப்பார்கள். இப்போது அரிசிக்குப் பதில் ஐந்நூறு ரூபியா நாணயம். காசு பெரிதில்லை. டப்பா காலியாக இருந்தால் இந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று காலையில் யாராவது வந்து எட்டிப்பார்ப்பார்கள். நில ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்காத பாக்டெ, எங்கள் டப்பா இரண்டு நாள் காலியாக இருந்தபோது முதல் ஆளாக வந்து நின்றார். எனக்குக் காய்ச்சல், இவர் மறந்துவிட்டார்.

கே: வீடு உங்களுடையது, தரை உங்களுடையதில்லை என்றால், வீட்டை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் வந்துவிடலாமே? – ஆர்.எஸ்., முத்துப்பேட்டை

வாங்க ஆள் இல்லாமல் இல்லை. நகரத்து ஹோட்டல்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் பழைய தேக்கு வீடு என்றால் உயிர். கிராமத்தில் கழற்றி, எண் போட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே திரும்பக் கோத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு அப்படிக் கிளம்பிப் போனது, அந்த இடத்தில் இப்போது செங்கல் வீடு.

இரண்டு வருஷம் முன்னால் ஜக்கார்த்தாவிலிருந்து ஒருவர் வந்தார். சிம்போக் மவுத்தாகி ஆயிரம் நாள் முடிந்த சமயம். நடுத்தூண் நாலையும் டேப் வைத்து அளந்தார், நகத்தால் கீறி மோந்து பார்த்தார், நடு அறையின் செதுக்குக் கதவைப் போட்டோ எடுத்தார். சொன்ன தொகைக்குக் கூத்தாநல்லூரில் ஒரு மனை வாங்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்குட்டி நாத்தனார் தேநீர்த் தட்டோடு வந்தாள். அவர் அவளைப் பார்த்து, “வீடு யாருடையது?” என்று கேட்டார்.

அவள் நல்ல மரியாதை மொழியில், தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “மரம் அக்காவுடையது, அவங்களைக் கேளுங்க. லாரி வந்து நிக்கணுமே, அந்தத் தரை என்னுடையது. அதை என்னைக் கேக்கணும்.”

அவர் தேநீரைக் குடித்துவிட்டு, பாட்டியின் ஆனி ஆனிக் கத்தியையாவது கொடுப்பீர்களா என்று கேட்டார்.